ஒரு பல்லில் ஆரம்பித்திருக்கலாம்

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகள் காபிச் செடிகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே செல்போனுக்கு டவர் கிடைக்காது. கிளியூர்ப் பக்கம் மேடேறிப் போனால் மூன்று பாதைகள் கூடுகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம் உண்டு. அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் மட்டும் வீடியோ நிற்காமல் ஓடும். நான் கிட்டார் கற்றுக்கொண்டது அந்தச் சுவரில்தான். சேலத்தில் கல்லூரி முடித்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் வேலை பார்த்த அதே எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராகச் சேர்ந்திருந்தேன். சாயங்காலம் காபிப் பழம் எடை போட்டு முடித்ததும் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடேறிவிடுவேன்.

முச்சந்தி என்பதால் அங்கே எப்போதும் ஏதாவது கிடக்கும். கண்ணேறு கழித்துப் போட்ட எலுமிச்சம்பழம், குங்குமம் தடவிய பூசணித் துண்டு, உப்பு, மிளகாய். நாங்கள் கிறிஸ்தவர்கள், இதையெல்லாம் நம்பக் கூடாதுதான். ஆனால் எங்கள் லைனில் ஒருவரும் அதை மிதிக்க மாட்டார்கள். நானும் சுற்றித்தான் போவேன்.

ப்ளூஸ் இசை எனக்குக் கல்லூரி விடுதியில் அறிமுகமானது. அறை நண்பன் ஒருநாள் இயர்போனின் ஒரு பக்கத்தை என் காதில் செருகினான். கரகரத்த குரலில் ஒருவர் ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தார். அதே குறையை இன்னொரு முறை சொன்னார். மூன்றாவது வரியில் அதற்கு ஒரு பதிலைப் போட்டு, தானே சிரிப்பதுபோல் முடித்தார். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தப் பேச்சு எனக்குத் தெரிந்த பேச்சாக இருந்தது. பழம் எடுக்கிற பெண்கள் இப்படித்தான் பேசுவார்கள். "காலெல்லாம் அட்டைங்க" என்பாள் ஒருத்தி. யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் அதையே இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்வாள். பிறகு, "அதுக்காச்சும் என்ற மேல ஆசை இருக்குதே" என்று முடிப்பாள். வரிசை முழுக்கச் சிரிக்கும். பருத்திக்காட்டில் வேலை செய்த கறுப்பின மக்கள் உண்டாக்கிய இசை அது என்று பிறகு படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

ஊருக்கு வந்ததும் சபைப் பாடகர் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். லைன் வீட்டிலிருந்து அந்தக் குழுவுக்குப் போன முதல் ஆள் நான். அதுவரை ஆராதனையில் கதவோரமாக உட்கார்ந்த அம்மா, நான் கிட்டாரோடு நின்ற முதல் ஞாயிறு முன்பெஞ்சுக்கு வந்தாள். அப்புறம் அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை.

பழம் எடுக்கும் காலம் அது. ஒரு மத்தியானம் சில்வர் ஓக் நிழலில் சோற்றுப் போசியைத் திறந்துகொண்டிருந்தபோது, நான் முணுமுணுத்த மெட்டு என்ன என்று ஒரு அக்கா கேட்டார். ஞாயிற்றுச் சந்தையில் அவரைக் கண்டாலே வியாபாரிகள் விலையை மாற்றிச் சொல்வார்கள், அப்படிப் பேரம் பேசுகிறவர். நான் ஆர்வக்கோளாறில் ப்ளூஸ் வரலாறு முழுவதையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கிட்டார் சரியாக வராத ஒருவர் நடு ராத்திரியில் நாற்சந்திக்குப் போனார், சாத்தான் வந்தான், கிட்டாரை வாங்கிச் சுருதி கூட்டிக் கொடுத்தான், அதற்குப் பதிலாக அவருடைய ஆத்துமாவை எடுத்துக்கொண்டான் என்ற கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

அக்கா சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க ரைட்டரே, எடுத்த எடுப்புலயே ஆத்துமாவக் குடுத்துட்டானா?"

"அப்படித்தாங்க சொல்றாங்க."

"வெவரமில்லாதவன். நானா இருந்தா ஒரு பல்லுல ஆரம்பிச்சிருப்பேன்."

"பல்லு பத்தாதுன்னு சாத்தான் கெளம்பிட்டான்னா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"கெளம்பட்டும். நாலு எட்டு போய்த் திரும்பிப் பாப்பான். அவனுக்கு மட்டும் அன்னைக்கி வேற யாவாரம் இருக்குதாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். கூடப் பழம் எடுக்க வந்திருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இன்னொருத்தி விளையாட்டாகத்தான் கேட்டாள்: "நம்ம ரைட்டரும் முச்சந்தியிலதான வாசிக்கிறாரு? ஆறு மாசத்துல நொம்ப நல்லா வந்துருச்சே."

அந்த வார்த்தை எங்களுக்கு முன்பே மேட்டில் இருக்கிற எங்கள் சபைக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போனபோது, பாடகர் குழுவை நடத்துகிற கொயர் மாஸ்டர் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே, "அறுப்புப் பண்டிகைக்குக் கீபோர்டு மட்டும் போதும் தம்பி. பெரியவங்க கொஞ்சம் சங்கடப்படுறாங்க" என்றார். அம்மா அன்றைக்கு மறுபடி கதவோரம் போய் உட்கார்ந்தாள். கிட்டார் போனதைவிட எனக்கு அதுதான் வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "நெசமாச் சொல்லு கண்ணு. அங்க போயி யாரையாச்சும் பாத்தியா?"

"டவர் கெடைக்குதுன்னுதானுங்கம்மா போனேன்."

"அப்ப என்னையக் கூட்டிட்டுப் போ."

வெயில் இருக்கும்போதே போனோம். அம்மா எலுமிச்சம்பழத்தைச் சுற்றி வந்து, சுவரைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். நான் போனைத் திறந்தேன். எனக்குப் பாடம் எடுக்கிறவர் திரையில் வந்தார். வழுக்கைத் தலை, மூக்கில் இறங்கிய கண்ணாடி, கையில் தேநீர்க் கோப்பை. ஒரே விரல் அசைவை மறுபடி மறுபடி காட்டினார். நான் தப்பாக வாசித்து, வீடியோவைப் பின்னால் இழுத்து, மறுபடி தப்பாக வாசித்தேன். அம்மா கொட்டாவி விட்டாள். வெகுநேரம் கழித்து, "தெனமும் இதத்தான் பண்ணுனியா?" என்றாள்.

"ஆமாங்கம்மா."

"இவருதான் உன்ற சாத்தானா?"

"இவரேதான்."

திரையை உற்றுப் பார்த்தாள். "பாவம், தொண்டை கட்டியிருக்குது. சுக்குக் காபி குடிக்கச் சொல்லு" என்று எழுந்தாள். அங்கிருந்து வீட்டுக்கு வராமல் நேரே கொயர் மாஸ்டர் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"ஏனுங்க சார், பண்டிகை ஆராதனை பூராவும் என்ற பையன்தான் வாசிக்கோணும்."

மாஸ்டர் திகைத்துப்போனார். "அதெப்படிங்கம்மா? ஒரு பாட்டே வேண்டாம்னு சொல்றாங்க."

"செரி, பாதி ஆராதனை."

"அம்மா…"

"காணிக்கைப் பாட்டாச்சும்."

"கோயிலுக்குள்ள வேண்டாமுங்க, சொன்னாக் கேளுங்க."

"உள்ள வேண்டாமுங்களா? அப்பச் செரிங்க. வெளிய, ஏலத்துல வாசிக்கட்டும்."

மாஸ்டர் முகத்தில் தப்பித்த நிம்மதி. உடனே தலையாட்டிவிட்டார். திரும்பி வரும் வழியில் அம்மா சொன்னாள்: "நான் கேக்கப் போனதே ஏலந்தான்."

அறுப்புப் பண்டிகை ஏலத்தை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சண்டை என்று நினைப்பார்கள். அவரவர் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கோயில் வாசலில் குவிப்போம். பலா, பூசணி, மிளகு, வாழைத்தார், கால் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தையில் அடித்துப் பேசுகிற அக்காகூட அன்றைக்கு மட்டும் விலையை ஏற்றிவிட்டுக்கொண்டே போவார். ஏலம் விடுகிறவர் பூசணிக்காயைத் தூக்கி "ஒரு தரம்" என்றார். நான் ஒரு கம்பியை இழுத்தேன். "ரெண்டு தரம்" என்றார், அதே இழுப்பு. "மூணு தரம்" என்றபோது மெட்டு தானாக இறங்கி, வீடு திரும்புவதுபோல் தொடங்கிய சுரத்துக்கே வந்து சேர்ந்தது. எத்தனையோ நாள் பாலத்தில் உட்கார்ந்து பழகிய அதே மூன்று வரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து வாழைத்தார் ஏலத்துக்கு வந்தபோது துணிந்து பாடியும் விட்டேன்.

"மழை வந்தா வேலை இல்லீங்க… அட, மழை வந்தா வேலை இல்லீங்க… மழை வராட்டிப் போனா காபியே இல்லீங்க."

லைன் பெண்கள் மூன்றாவது வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஏலக்காரர் "ரெண்டு தரம்" என்பதை எனக்காகவே நீட்டி இழுக்க ஆரம்பித்தார். பெரியவர்கள் பக்கம் பயந்து பயந்து பார்த்தேன். அவர்கள் சேவலுக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் முடிந்தபின் கொயர் மாஸ்டர் வந்தார். "அடுத்த ஞாயிறு கிட்டாரக் கொண்டாந்துருங்க தம்பி. காணிக்கைப் பாட்டுக்கு மட்டும்."

நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா குறுக்கே வந்தாள். இடுப்பில் அவள் ஏலத்தில் எடுத்த பூசணி.

"காணிக்கைப் பாட்டுக்கு மட்டுமுங்களா சார்?" என்று ஆரம்பித்தாள்.