இரைச்சல் பூஜ்யம்

எண்பதுகளில் திருச்சியில் மேல்படிப்பு படித்தேன். மிக மெல்லிய மின்சைகையைப் பெருக்கும் சாப்பர் ஆம்ப்ளிஃபயர்தான் என் ஆய்வு. அதில் சுவிட்சுகள் ஓயாமல் திறந்து மூடும். சைகையோடு அது கலந்துவிடும் மின் இரைச்சலைக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் கணக்கிட வேண்டும். தேர்வாளர் வரும் நாள் காலையில்தான் பிரிண்ட்அவுட் வந்தது. இரைச்சல் பூஜ்யம்! உலகத்தையே வென்றுவிட்டதாகத் துள்ளினேன்.

உடன் படித்த பொன்மலைப் பெண் தாளை வாங்கிப் பார்த்தாள். "ஏங்க, இரைச்சல் கணக்குக்கு இந்த புரோகிராம் சுவிட்சை ஓட்டுற கடிகாரத்தை நிறுத்திடும். உங்க சுவிட்ச் திறந்தே நின்னுருச்சு, எதுவுமே கடந்து போகலை. பொணம்கூடத்தான் சத்தம் போடாது!"

"இப்ப என்ன பண்றது?"

"சுவிட்சை ஓடவிட்டுத் திரும்பக் கணக்குப் போடணும். கம்ப்யூட்டர்ல நம்ம முறை அடுத்த வாரம்தான்."

எனக்குப் பயம்கூட வரவில்லை. கை, கால், மூளை எல்லாம் வரிசையாக மரத்துப்போயின.

"இரைச்சல் எவ்வளவு?" என்றார் தேர்வாளர்.

"பூஜ்யம் சார். தப்பான பூஜ்யம். சுவிட்ச் நின்னுபோச்சு."

"ஓடவிட்டு எடுத்துட்டு வாங்க. அப்புறம் பட்டத்தைப் பத்திப் பேசலாம்."

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கண்டக்டர் என் காதருகே டிக்கெட், டிக்கெட் என்று கத்தியிருக்கிறார். காவிரிப் பாலத்தில் தோளை உலுக்கியபோதுதான் நிமிர்ந்தேன்.

"சார், உயிரோடதான் இருக்கீங்களா?"

"அடுத்த வாரம் தெரியும்ங்க" என்றேன்.