அருவியில் நான் சொன்ன பொய்

என் மகனுக்கு இருபத்திரண்டு வயது. மூளை வளர்ச்சிக் குறைபாடு உண்டு. தலையில் தண்ணீர் ஊற்றினாலே அலறுவான். திருவண்ணாமலையில் அவன் போகும் பயிற்சி மையத்தில் எங்களை ஜவ்வாது மலை அருவிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அவன், பயிற்சியாளர் கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அருவிக்கு அடியில் நின்று சிரித்தான். இத்தனை வருடம் நான் கெஞ்சியும் நடக்காதது! எனக்கு வயிறு எரிந்தது.

“கவிதா, அவனுக்கு சளி புடிச்சிருக்கு. வெளிய அனுப்புமா” என்று பொய் சொன்னேன்.

துவட்டும்போது என் முகத்தையே பார்த்தான். “அம்மா, உனுக்கு தண்ணி பயமா? வா, நான் கீறேன்” என்று கையை நீட்டினான்.

புடவையோடு அவன்கூட இறங்கினேன்.

கவிதாவிடம் உண்மையைச் சொல்ல ஒரு மாதம் ஆனது.

“அன்னிக்கே தெரியும்க்கா” என்றாள்.

இப்போது அவளுடைய பொறுமை மேல்தான் எனக்குப் பொறாமை.