நீலப் பொட்டு

செல்லையாவின் இரண்டாவது மகன் குலேந்திரன், எண்பத்தைந்தில் சுவிஸில், ரெனான் என்ற ஊரில், கடிகாரம் திருத்தும் ஒரு சிறு பட்டறைக்குக் கூட்டித் துடைக்கப் போனவன். அடுத்த வருடமே லாம்பு மேசையில் உட்கார்த்திவிட்டார்கள். வேலையை நிரந்தரமாக்கி, வதிவிட அனுமதிக்கு அதிகாரிகளிடமும் பேசுவதாக முதலாளி சொன்னார். அதை நம்பித்தான், ஊரில் இருக்கும் மனைவி மனோகரியைக் கூப்பிட அவன் காத்திருந்தான்.

அங்கே திருத்த வருவது வீட்டு மணிக்கூடு இல்லை, அணுக் கடிகாரம். அதன் வயிற்றுக்குள் விரல் நுனியளவு கண்ணாடி லாம்பு; அதற்குள் துளி ருபீடிய உலோகம். எரிய எரிய அந்த உலோகம் கண்ணாடியில் படிந்து, கரி பிடித்த சிமினி மாதிரி வெளிச்சம் மங்கும். கடிகாரம் தடுமாறும். லாம்பைக் கழற்றிச் சூடான காற்றை மெல்ல மெல்லக் காட்டினால், படிந்தது உருகி அடிக்குத் திரும்பும், கண்ணாடி தெளியும். அவசரப்பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். லாம்பைச் சுகப்படுத்தியவர் தன் நிறத்தில் ஒரு பொட்டு வைப்பது பட்டறை வழக்கம். குலேந்திரனுக்கு நீலம்.

தங்கை சிவமலரின் புருஷன் மகேஸ்வரன் வந்து சேர்ந்ததும், குலேந்திரன் முதலாளியிடம் கெஞ்சி அவனையும் உள்ளே எடுப்பித்தான். மகேஸ்வரனுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் இல்லை.

"மெல்லக் காட்டும் மச்சான். தோசையே சுடுறீர்?"

"நீங்கள் இருந்து தாலாட்டுங்கோ. எனக்கு வேலை முடியோணும்." பிறகு குரல் இறங்கும். "இதுகளுக்கு உங்கடை பொட்டை வைச்சு விடுங்கோவன். என்ரை சிவப்பைக் கண்டால் முதலாளி மனிசன் திருப்பித் திருப்பிச் சோதிக்குது. என்னை நிப்பாட்டினால் மலர் என்னெண்டு இஞ்சை வாறது?"

தங்கையின் பேர் வந்தால் குலேந்திரனுக்கு மறுக்க வராது. தன் தூரிகையை எடுத்து, மச்சானின் லாம்புகளுக்கும் நீலம் வைத்தான்.

குளிர் தொடங்க, திருத்தி அனுப்பிய கடிகாரங்கள் திரும்பி வந்தன. முதலாளி கீறல் விழுந்த லாம்புகளை மேசையில் பரப்பினார். எல்லாம் நீலம்.

"இது உன்னுடையதுதானே?"

குலேந்திரன் மச்சானைப் பார்த்தான். அவன் சொல்லட்டும், சொல்லுவான் என்று நின்றான். மகேஸ்வரன் சொல்லத்தான் செய்தான், அரைகுறைப் பிரெஞ்சில்: "ஓம், அவருடையது. நான் அதில் கை வைக்கவே இல்லை."

அதற்குப் பிறகு குலேந்திரன் சொன்னதை யார் நம்புவார்? அன்றே மேசை போனது. லாம்பு மேசை மகேஸ்வரனுக்கு.

குலேந்திரன் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவப் போனான். எண்பத்தெட்டில் சிவமலர் வந்து இறங்கினாள். மனோகரி இன்னும் ஊரில்தான். தங்கை குசினிக்கே போன் எடுத்தாள்.

"அண்ணை, இவர் எல்லாம் சொன்னவர். நீங்கள் கொஞ்சம் கவனமா இருந்திருந்தால் மச்சாளும் இப்ப வந்திருப்பா, என்ன?"

நடந்ததைச் சொன்னால் அவள் எங்கே போவாள்?

"ஓம் பிள்ளை."

"இவர் பக்கத்திலைதான் நிக்கிறார். குடுக்கட்டோ?"

"வேண்டாம். சட்டி கிடக்கு, கழுவோணும்."

அதற்குப் பிறகு மகேஸ்வரனை அவன் மச்சான் என்று சொன்னதே இல்லை. யாரும் கேட்டால், "அது சிவமலரின்ரை மனிசன்" என்பான்.