புட்டிங் கடையில் விசாரித்த சம்பந்தம்

என் மகள் கட்டிக்கொள்ள விரும்பிய பையன் வெள்ளைக்காரன். துபாயில் அவள் வேலை பார்க்கிற ஆபீஸில்தான் அவனும் இருந்தான். விஷயம் தெரிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர்?" இங்கிலாந்தில் ஒரு கிராமம் என்றாள். அதோடு என் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. மாயவரம் பக்கம் என்றால் சொந்தக்காரர் ஒருவரை அனுப்பி, டீக்கடை, சலூன் என்று நாலு இடத்தில் விசாரித்திருப்பேன். இங்கிலாந்தில் யாரைக் கேட்பது?

நாங்களும் துபாயில்தான் இருக்கிறோம்; அல் குசைஸில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பையன் ஒருநாள் வந்தான். அவன் ஊர்ப் பெருமை விசித்திரமாக இருந்தது. ஒரு காலத்தில் அங்கே தங்கியிருந்த எழுத்தாளர் ஒருவர் அந்த ஊரை வைத்து நாவல் எழுதினாராம். அதில் விருந்தாளிக்கு ஒற்றைத் திராட்சை வைத்த புட்டிங் கொடுக்கிற கஞ்சக் கிழவி இவனுடைய கொள்ளுப்பாட்டியாம். இப்போது ஊரில் அந்தப் புட்டிங்கை விற்க ஒரு கடையே இருக்கிறதாம். சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

எங்கள் வீட்டுக் கிழவியை ஒருவன் அப்படி எழுதியிருந்தால் வெட்டுக்குத்தில் முடிந்திருக்கும். கேவலப்பட்டதையே பெருமையாகச் சொல்கிற குடும்பம் இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறது என்று எனக்குப் பட்டது.

என் ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மச்சான் லண்டனில் இருந்தார். மகளுக்குத் தெரியாமல் அவர் மூலம் ஏற்பாடு செய்தேன். மச்சான் ஒரு லீவு நாளில் காரை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்கே போய்விட்டார்.

"அண்ணை, பயப்பிடாதேங்கோ" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். "புட்டிங் கடைக்குள்ளயே போய் விசாரிச்சவராம். பெடியன் குடிப்பானோ, முன்னம் கலியாணம் ஏதும் நடந்ததோ, எல்லாம் கேட்டவராம். தங்கமான குடும்பம் எண்டு கடைக்கார மனுசி சொன்னவவாம்."

தங்கமான குடும்பமாம்! எந்த ஊர்க் கடைக்காரி அடுத்த வீட்டைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லாமல் விடுவாள்? என் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது.

அடுத்த மாதம் பையனின் அம்மா துபாய்க்கு வந்தார். மகனோடு எங்கள் வீட்டுக்கும் வந்து, கொண்டுவந்த புட்டிங்கை மேஜையில் வைத்தார். மாட்டுக்கொழுப்பு சேர்த்து அவிப்பதுதான் வழக்கமாம். எங்களுக்காக வெண்ணெய் போட்டாராம்.

"வாயில வச்சிடாதீங்க" என்று என் மனைவி காதோடு சொன்னாள். நானும் தட்டைத் தொடவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "அந்தக் கடை என் அக்காவுடையது. யாரோ ஒருவர் வந்து, என் மகன் குடிப்பானா என்று கேட்டாராம்."

மகள் எழுந்தே விட்டாள்.

"அப்பா, ஆள் வச்சு விசாரிச்சீங்களா? இனிமே உங்ககிட்ட எதையுமே சொல்ல மாட்டேன்."

கல்யாணம் நின்றால்கூட நான் தாங்கியிருப்பேன். மகள் என்னோடு பேசாமல் போய்விடுவாளோ என்றுதான் பயந்தேன்.

அந்த அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "என் கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஒருவர் வந்து கேட்டிருக்கலாம். என் கணவர் குடித்துவிட்டு அடிப்பார் என்று அவருடைய தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. அதனால் யாரும் சொல்லவும் இல்லை."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வீட்டில் மறைத்து வைத்திருந்தது அதுதான். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில் எனக்குச் சந்தோஷமே இல்லை.

"சரி, உங்களைப் பற்றி நான் யாரிடம் கேட்பது?" என்றார் அந்த அம்மா. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, கீழே இருக்கிற கஃபட்டீரியாவைச் சொன்னேன். தினமும் நான் டீ குடிக்கிற மலையாளி கடை. நிஜமாகவே லிஃப்டில் இறங்கிப் போய்விட்டார்.

ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத் திரும்பி வந்தார். மகள்தான், "என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"மிக நல்ல குடும்பமாம்" என்று இழுத்தார். "ஒரு குறைகூடச் சொல்லவில்லை."

சொல்லிவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார். டீக்கடைக்காரன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர்மேல் எனக்கு முதன்முதலாக நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

புட்டிங் தட்டை என் பக்கம் இழுத்து, மகளிடம் ஸ்பூன் கேட்டேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு எடுத்து வந்து கொடுத்தாள்.