ரெண்டு துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா

ஜகதீசனுக்குப் பொய் சொல்ல வராது என்று சிகந்தராபாத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மனுஷன் அறுபத்திரண்டு வயதில் ஒரு பொய்யைச் சொல்லி, அதை நாலு மாதம் சோறு போட்டு வளர்த்தாரே, அந்தக் கூத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையொன்றின் பின்கட்டில் முப்பத்தைந்து வருஷமாக அவருக்கு ரிப்பேர் வேலை. மனைவி சாந்தா போய் ஆறு வருஷம். மகன் மாதாப்பூரில் ஐ.டி. கம்பெனியில் இருந்தான். ஒரே ஊர்தான், ஆனால் போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்பான். உப்பல் வீட்டில் ஜகதீசன் தனியாள்; டி.வி. செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் இவரும் வணக்கம் சொல்வார். சிரிக்காதீர்கள், நிஜம்.

2008 அக்டோபரில் சைனிக்புரியிலிருந்து ரோஸ்லின் அம்மா ஒரு ரிவால்வரோடும் ஓர் அனுமதிக் கடிதத்தோடும் வந்தார். அவருடைய கணவர் கேப்டன் ஆண்டனியிடம் தாத்தா காலத்து ரைஃபிள் ஒன்று இருந்தது. அதற்குப் பழைய மாதிரித் தோட்டா, ரிவால்வருக்கு வேறு. ரிவால்வரை மாற்றி, ரெண்டையும் ஒரே தோட்டாவில் சுட்டுவிட வேண்டுமென்று ஆண்டனிக்கு ஒரு பித்து. அனுமதி கேட்டு ஆறு வருஷம் எழுதினார். அது வந்தபோது அவர் இல்லை, துப்பாக்கிகள் மனைவி பெயருக்கு மாறியிருந்தன.

"ஏப்ரல்ல அவரோட முதல் நினைவு நாள் வருது சார். அவரு சிநேகிதங்க துப்பாக்கி சுடுற ரேஞ்சுல ரெண்டையும் சுடணும். அப்புறம் போலீஸ்ல ஒப்படைச்சிருவேன், எனக்கெதுக்கு? மார்ச் பதினஞ்சுக்குள்ள மாத்தி லைசென்ஸ்ல பதியணுமாம். முடியுமா?"

"ஹவ், முடியும் மேடம்" என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டார் ஜகதீசன்.

அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்து விசாரிப்பார். ஸ்டூலில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவார். ஆண்டனியின் குறட்டை, கொய்யா மரத்துக்கு வரும் குரங்கு, எல்லாம் வரும். ஒருநாள் "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டார். சாந்தா போனபிறகு அப்படிக் கேட்ட முதல் ஆள்.

நவம்பரில் வேலை முடிந்தது. ரைஃபிளின் தோட்டா ரிவால்வரின் ஆறு அறைக்குள்ளும் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அந்தச் சனிக்கிழமை ரோஸ்லின் அம்மா வந்ததும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஒரு ஸ்பிரிங் வரணும் மேடம். அடுத்த வாரம் பாருங்க."

அடுத்த வாரம் ஒரு திருகாணி. அதற்கடுத்த வாரம் நாச்சாரம் பட்டறையில் தாமதம். சனிக்கிழமையானால் முகச்சவரம், இஸ்திரி போட்ட சட்டை. உடனே காதல் கீதல் என்று கிளம்பிவிடாதீர்கள். பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தேதி நெருங்கினால் நீட்டிப்பு தருவார்கள், எப்போதும் தந்திருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் வேறு.

மார்ச் தொடக்கத்தில் தேர்தல் அறிவிப்பு வந்து விழுந்தது. லைசென்ஸ் துப்பாக்கி அத்தனையும், ரிப்பேருக்கு வந்தவை உட்பட, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். ரிவால்வரும் போனது. நீட்டிப்புக்காக ரோஸ்லின் அம்மா அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். எல்லோரும் தேர்தல் வேலையில் இருந்தார்கள். பதினைந்தாம் தேதி கடந்தது. லைசென்ஸ் காகிதத்தில் இருப்பது பழைய தோட்டா, ரிவால்வரின் அறை இப்போது வேறு தோட்டாவுக்கு, இனி அது திரும்பக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமையும் அவர் வந்தார். முகம் வாடியிருந்தது.

"உங்கமேல தப்பில்ல சார். சாமான் வரலைன்னா நீங்க என்ன செய்வீங்க?"

திட்டியிருந்தால் ஜகதீசன் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"நவம்பர்லயே முடிஞ்சிருச்சு மேடம்."

"என்ன?"

"முடிஞ்சிருச்சுன்னு சொன்னா அப்புறம் நீங்க வரமாட்டீங்களேன்னு..."

ரோஸ்லின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்த வீட்ல நானும் தனியாத்தானே சார் கிடக்கிறேன். சும்மா வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே. இனிமே நான் எப்படி வர்றது?"