மண்ணாங்கட்டியின் மண்

தங்கைக்கு "மண்ணாங்கட்டி" என்று பெயர் வைத்தது அண்ணன்தான். சின்ன வயதில் அவள் திணித்து வைக்கும் மண்கட்டிகளின் கனத்தில் சட்டைப்பைகள் பிய்ந்து தொங்கும். இப்போது அவள் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தித் தையல்காரனான அவனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அளவெடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"களிமண்ணை உருட்டிச் சடார்னு பெரிய சூட்டுல வச்சா உள்ளே காத்து கட்டி உப்பும். ஜல்லிக்குப் பதிலா அதைப் போட்டா கான்கிரீட் எடை குறையும். எந்த மண்ணு உப்பும்னு என் தங்கச்சியைக் கேளுங்க. கையைத் தூக்குங்க, அக்குள் அளவு."

பதினேழு குழி தோண்டி அவள் ஒரு மண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தாள். மேலாளருக்கு நம்பிக்கையில்லை. வியாழன் பதினொரு மணிக்குள் சுட்ட உருண்டை தண்ணீரில் மிதக்காவிட்டால் அந்தக் குழியை மூடிவிட வேண்டியதுதான்.

புதன் மாலை உருட்டுவதற்காக மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அண்ணன் எட்டிப் பார்த்தான். கறுப்புத் தூள், வேர்த் துணுக்கு. மேலாளர் பார்க்கப்போகும் மண் இப்படியா இருப்பது? லைனிங் துணியில் சலித்து, மிச்சத்தை ஊசிமுனையால் பொறுக்கிச் சுத்தம் செய்தான். தங்கையிடம் அதைச் சொல்லவில்லை. இரவே அவள் உருண்டைகளை உருட்டி, விடியுமுன் உலைக்கு எடுத்துப் போய்விட்டாள்.

காலை ஏழரைக்கு, சாப்பாட்டுத் தூக்கோடு பரிசோதனைக் கூடத்துக்குப் போனான். தங்கை வாளியையே வெறித்துக்கொண்டிருந்தாள். அடியில் ஆறு உருண்டைகள்.

"எல்லாம் முங்கிருச்சுண்ணா. உப்பவே இல்ல."

"அழுக்கெல்லாம் எடுத்துட்டேனே, அப்புறமுமா?"

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"எந்த அழுக்கு?"

"அதான்... கறுப்பா, வேரும் தூசியுமா..."

"அது எரிஞ்சு வர்ற புகைதாண்ணா மண்ணை உப்ப வைக்கும்! உன்னை யாரு சுத்தம் பண்ணச் சொன்னா? எங்கே கொட்டித் தொலைச்சே?"

"உன் மண்ணை நான் கொட்டுவேனா?"

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். மேலே அழகான கையெழுத்தில்: "தங்கையின் மண். கழிவு. புதன்கிழமை."

திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல், மீதியிருந்த மண்ணில் அதைக் கொட்டிப் பிசைந்தாள். காயவைக்க இரண்டு மணி நேரம், உலையில் பத்து நிமிடம்.

பதினொரு மணிக்கு மேலாளர் வாளித் தண்ணீரில் ஓர் உருண்டையைப் பேனாவால் அமுக்கினார். மேலே வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது.

"என்னம்மா சேர்த்தீங்க?"

"மண்ணுல இருந்ததைத்தான் சார். எங்கண்ணன் பத்திரமா வச்சிருந்தார்."

குழி பிழைத்தது. மத்தியானம் கடையில் அண்ணன் அளவு நாடாவை உதறினான்.

"அழுக்கு இருந்தாத்தான் சார் மதிப்பே. கையைத் தூக்குங்க, அக்குள் அளவு."

வாடிக்கையாளர் தூக்கவில்லை.