உள்ளே ஒன்று உண்டு

எனக்குக் கல்யாணமான புதிதில், கல்ஃபில் நர்ஸாக இருந்த நாத்தனார் லீவுக்கு வந்தபோது ஒரு பெட்டி டாம்பன் கொடுத்தாள். மாதவிலக்கு நாட்களில் உள்ளே வைத்துக்கொள்ளும் பஞ்சு உருளை. வெளியே தொங்கும் நூலைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும் என்றாள். அம்பூரியில் ஒரு கல்யாணத்துக்கு ஜீப்பில் குலுங்கிப் போய்த் திரும்பிய அன்று, பட்டுப்புடவையில் கவலையே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் இதை நம்மிடமிருந்து மறைத்துவிட்டார்களே என்று கோபம்கூட வந்தது.

விலக்கு முடிந்து சில நாளில் ஒரு வாடை. குளித்தாலும் போகவில்லை. கடைசியாக வைத்ததை எடுத்தேனா? எடுத்த மாதிரியும் இருந்தது, எடுக்காத மாதிரியும் இருந்தது. கையைக் கழுவிவிட்டுக் குளியலறையில் குத்தவைத்துத் தேடினேன். நூலைக் காணோம். காய்ச்சல், வாந்தி, உடம்பில் சிவப்புத் தடிப்பு, மயக்கம் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. படித்து முடிப்பதற்குள் நெற்றி சுடுவது போலிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று மாமியாரிடம் சொன்னேன். எதற்கென்று சொல்ல நாக்கு எழவில்லை. அவரும் கேட்கவில்லை. நல்ல புடவையாக எடுத்து உடுத்தினார். பனச்சமூட்டில் பஸ் ஏறினோம்.

கேரளப் பக்கம் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பெஞ்சு நிறையப் பெண்கள். என்ன விஷயம் என்று நர்ஸ் மலையாளத்தில் கேட்டார். நான் குரலைத் தாழ்த்தி, "உள்ள ஒண்ணு உண்டு. உண்டா இல்லியான்னு பாக்கணும்" என்றேன்.

"விசேஷமாணல்லே" என்று நர்ஸ் மாமியாரைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் பக்கம் இரண்டு பாஷையிலும் விசேஷம் என்றால் பிள்ளை உண்டானதுதான். நான் மறுப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. பஞ்சு உள்ளேதான் இருந்தது. மூச்சை இழுத்து விடுவதற்குள் எடுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் கைக்கு அகப்படாவிட்டால் எதையாவது விட்டுத் துழாவாமல் அன்றைக்கே வந்துவிட வேண்டும், வெட்கப்பட்டு வீட்டில் இருக்கக் கூடாது என்றார். அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு வெளியே வந்தேன். மாமியார் பக்கத்துப் பெண்களோடு பிள்ளைக்குப் பெயர் வைப்பது வரை போயிருந்தார்.

"உண்டு தானே மக்கா?"

"இருந்துது மாமி. எடுத்தாச்சு."

பெஞ்சிலிருந்த பெண்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்லிவிட்டேன் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவரை மருந்துக்கடைப் பக்கம் இழுத்துப்போய், முழுக்கதையையும் காதில் சொன்னேன். பேரப்பிள்ளை இல்லை என்று முகம் தொங்கிவிடும் என்று நினைத்தேன்.

அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேரப்பிள்ளய பொறவு பாக்கலாம். ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா, ஒனக்க அம்மைக்க மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?" என்றார்.

காலையிலிருந்து வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.